பேஸ் கிட்டாரின் ஒலியில் மரத்துக்கு எவ்வளவு பங்கு?

நாலாம்கம்பி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 12 ஆண்டுகளாக ஒரே பேஸ் கிட்டாரைத்தான் வாசித்துவருகிறேன். ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வடிவத்தில் அமைந்தது. ஆல்டர் மர உடல், மேப்பிள் நெக் (கழுத்து), அதன்மேல் விரல் அழுத்தும் ஈட்டிமரப் பலகையான ஃபிங்கர்போர்டு, நெக்கை உடலோடு பிணைக்க 4 திருகுகள். இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருப்பதால், உடலை மட்டும் ஆஷ் மரத்தில் செய்துவாங்கி, நெக், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் அதில் பொருத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். விசாரித்த இடத்தில், ஆல்டர் என்றால் இதமான ஒலி, ஆஷ் என்றால் எடுப்பான ஒலி, மகோகனி என்றால் கனத்த மங்கிய ஒலி என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னார்கள். அது உண்மைதானா, அல்லது மரத்தின் விலைக்கு ஏற்றபடி சொல்லப்படும் பேச்சா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கூடவே ஒரு சிறு குறையும் உண்டு. ஜி கம்பியில் 6ஆம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வாசிக்கும் சுரம் மட்டும் சட்டென்று அவிந்துபோகிறது. 4ஆம் ஃபிரெட்டும் 8ஆம் ஃபிரெட்டும் நன்றாகவே ஒலிக்கின்றன. ஃபிரெட்டுகளைச் சமன்செய்து பார்த்தாயிற்று, கம்பியும் மாற்றியாயிற்று. உடலை மாற்றினால் இதுவும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நம்பலாமா?

ஈட்டிக்கட்டை எழுதியது:

மரத்துக்குப் பங்கே கிடையாது என்பவர்கள் எப்படியும் வரிசைகட்டி வருவார்கள். அதற்கு முன்பே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லியோ ஃபெண்டர் 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனிலிருந்து பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதன் உடல் ஆஷ், நெக் மேப்பிள். 1956 வாக்கில் பெரும்பாலான உடல்கள் ஆல்டருக்கு மாறின. 1959இல் ஈட்டிமர ஃபிங்கர்போர்டு சேர்ந்தது. இந்தச் சேர்க்கைகளை அப்படியே பின்பற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்ட கிட்டார்கள் பலவற்றை நான் அடுத்தடுத்து வாசித்திருக்கிறேன். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) இணைக்காமல் மடியில் வைத்துக் கம்பியைத் தட்டினாலே ஆஷ் உடல் வயிற்றில் அதிரும், ஆல்டர் அடக்கிப் பேசும். கிப்சன் நிறுவனத்தின் ஈபி-0 பேஸ் மகோகனி மரத்தால் ஆனது. அதன் ஒலி ஈரக் களிமண்ணைப் பிசைவதுபோல் இருக்கும். ரிக்கன்பேக்கர் 4001இன் உடலும் நெக்கும் மேப்பிள், அதிலும் நெக் உடலின் கடைசி வரைக்கும் ஒரே நீளமாக ஓடுகிறது. அதன் ஒலி வெண்கலத் தட்டில் நாணயம் விழுந்ததுபோல் கணீரென்று வரும். இத்தனையும் தற்செயல் என்று சொன்னால் காதுள்ள எவரும் ஒப்பமாட்டார்கள்.

என் பரிந்துரை: ஆஷ் உடலை வாங்குங்கள்.

சுருள்காந்தம் எழுதியது:

ஈட்டிக்கட்டை ஐயா, நீங்கள் அழைத்துவந்த இரண்டு சாட்சிகளும் எதிர்த்தரப்புச் சாட்சிகள் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் ஈபி-0. அதன் ஒரே பிக்கப் நெக் முடியும் இடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கம்பியின் வீச்சு பெரிது. அடிப்படைச் சுரம் ஓங்கி, மேல் ஒத்திசைகள் (அடிப்படைச் சுரத்தின் மடங்கான அதிர்வெண்கள்) மெலிந்து பிடிபடும். பிக்கப்பின் சுருள் மிக அதிகச் சுற்றுகள் கொண்டது. அதன் மின்தடை ஏறத்தாழ 30 கிலோஓம், பிரிசிஷன் பேஸின் பிக்கப்புக்கோ 10, 11 கிலோஓம்தான். சுற்று கூடினால் உயர் அதிர்வெண்கள் சுருளிலேயே கரைந்துவிடும். ஸ்கேல் நீளமும், அதாவது கம்பி அதிரும் நீளமும், 30.5 அங்குலம் மட்டுமே, அதனால் கம்பி தளர்வாக நிற்கிறது. களிமண் ஒலிக்கு இத்தனை காரணங்கள் கண்முன்னே இருக்க, மகோகனியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல. அதே கிப்சன் 1963இல் வெளியிட்ட தண்டர்பேர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலும் மகோகனிதான். ஆனால் ஸ்கேல் 34 அங்குலம், பிக்கப்புகள் வேறு, அவை இருக்கும் இடமும் வேறு. அதை மங்கிய ஒலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடுத்தது ரிக்கன்பேக்கர் 4001. அதன் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை நெடுங்காலம் தொடராக வைத்திருந்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்களை அது தடுத்துவிடும். அந்தச் சிறு வில்லையைச் சுற்றி ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு அதே கிட்டாரை வாசித்துப் பாருங்கள்; மேப்பிளுக்கு நீங்கள் கொடுத்த பாராட்டில் பெரும்பகுதியைத் திருப்பி வாங்கவேண்டியிருக்கும்.

பிக்கப்பின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 34 அங்குலம் என்பது 864 மில்லிமீட்டர். பிரிட்ஜிலிருந்து அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 173 மில்லிமீட்டர் தள்ளிப் பிக்கப் இருந்தால், திறந்த கம்பியின் 5ஆம் ஒத்திசைக்கு அது அசையாப் புள்ளி. அங்கே பிக்கப்புக்கு அந்த ஒத்திசை அநேகமாகக் கேட்காது. 1970களில் ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப்பைச் சுமார் 10 மில்லிமீட்டர் மட்டும் பிரிட்ஜை நோக்கி நகர்த்தினார்கள். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸைக் கேட்டுவிட்டு "ஆஷ் உடல், மேப்பிள் ஃபிங்கர்போர்டு, அதனால்தான் இந்த ஒலி" என்கிறார்கள். அந்த 10 மில்லிமீட்டரையும், அந்தக் கிட்டாருக்குள் பொருத்தப்பட்ட ப்ரீஆம்பையும் (முன்பெருக்கி), எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய கட்டைவிரலையும் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு.

ஃபெண்டர் ஆல்டருக்கு மாறியதிலும் மர்மம் எதுவும் இல்லை. ஆஷ் மரத்தின் துளைகள் திறந்தவை. அவற்றை அடைத்துத் தேய்த்த பிறகே வண்ணம் பூச முடியும். ஆல்டரில் அந்த வேலை குறைவு. மரவரி தெரியவேண்டிய வெளிர்மஞ்சள் பூச்சுக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. அப்படியானால் ஒரு கிட்டாருக்கு எந்த மரம் என்பதை அதன் நிறம் தீர்மானித்திருக்கிறது.

ஈட்டிக்கட்டை எழுதியது:

மின்தேக்கி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அது எனக்குப் புதிய தகவல். ஆனால் வயிற்றில் உணரும் அதிர்வை நான் கற்பனை செய்துகொள்ளவில்லை. கம்பியின் ஆற்றலில் ஒரு பகுதி உடலுக்குள் போகிறது என்றால் அந்தப் பகுதி கம்பியிலிருந்துதானே குறையவேண்டும்? அப்படிக் குறைவது மரத்துக்கு மரம் மாறுபடாதா? பிக்கப்பும் அதே உடலில்தான் திருகப்பட்டிருக்கிறது, அதுவும் கூடவே ஆடுமல்லவா?

சுருள்காந்தம் எழுதியது:

கேள்வி சரியானது. பிக்கப் பதிவுசெய்வது தனக்கும் கம்பிக்கும் இடையிலான சார்பு அசைவை. உடல் ஆடினால் அதுவும் கொள்கையளவில் கணக்கில் வரும். ஆனால் கம்பி மில்லிமீட்டர் கணக்கில் வீசி ஆடும்போது, 4 செ.மீ. தடிமனுள்ள கனமான பலகை அதைவிட மிக மிகச் சிறிய அளவே ஆடுகிறது. வயிற்றின் தோல் அதை உணரும், பிக்கப்புக்கு அது ஒரு பொருட்டல்ல.

ஆற்றல் இழப்பு குறித்த உங்கள் முதல் கேள்விக்குத் தச்சன்மகன் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். மரத்தோடு பழகுபவர் அவர்.

தச்சன்மகன் எழுதியது:

மரப்பட்டறை வைத்திருப்பவன் மரத்துக்காகத்தான் வாதாடுவான் என்று எதிர்பார்க்கிறீர்கள். வாதாடத்தான் போகிறேன், ஆனால் உடலுக்காக அல்ல.

கம்பிக்கு இரண்டு முனைகள். ஒன்று பிரிட்ஜில், மற்றொன்று நீங்கள் அழுத்தும் ஃபிரெட்டில். பிரிட்ஜ் இருப்பது கனமான, அகலமான பலகையின் நடுவில்; அது அசைந்துகொடுப்பது அரிது. ஃபிரெட் இருப்பதோ 2 செ.மீ. அளவே தடிமனுள்ள ஒரு நீண்ட சட்டத்தில். அதன் ஒரு முனை உடலில் பிடிபட்டிருக்க, மறுமுனையில் ஹெட்ஸ்டாக்கும் (தலைப்பகுதி) 4 பெரிய முறுக்காணிகளும் தொங்குகின்றன. 4 கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட இழுவிசையை அதன்மேல் சுமத்துகின்றன. வீட்டில் கொடிக்கம்பி கட்டிய மூங்கிலைக் கவனித்திருப்பீர்கள். கம்பியைத் தட்டினால் சுவரில் உள்ள ஆணி ஆடுவதில்லை, மூங்கில்தான் ஆடும். பேஸ் கிட்டாரில் அந்த மூங்கில் நெக்.

ஒவ்வொரு நெக்குக்கும் அதன் விறைப்பையும் எடையையும் பொறுத்து இயல்பாக ஆடும் சில அதிர்வெண்கள் உண்டு. நீங்கள் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போய், நீங்கள் அழுத்தும் ஃபிரெட்டும் நெக் நன்றாக அசையும் பகுதியில் அமைந்துவிட்டால், கம்பியின் ஆற்றல் மடை திறந்ததுபோல் நெக்குக்குள் போய்விடும். சுரம் தொடங்கும்போது குறையே தெரியாது. அரை நொடிக்குள் அடிப்படைச் சுரம் விழுந்து, சில சமயம் மேல் எட்டின் (ஆக்டேவ்) மெல்லிய ஒலி மட்டும் மிஞ்சும். இதற்குத்தான் டெட் ஸ்பாட் என்று பெயர். ஜெர்மனியின் மூனிக்கில் ஹெல்முட் ஃபிளைஷரும் டில்மன் ட்ஸ்விக்கரும் 1990களின் இறுதியில் இதை முறையாக அளந்தார்கள். நெக் எந்த ஃபிரெட்டில் எந்த அதிர்வெண்ணுக்கு எளிதில் அசைந்துகொடுக்கிறதோ, அங்கே சுரம் விரைவில் தேய்கிறது என்பதைக் காட்டினார்கள்.

நாலாம்கம்பி, உங்கள் 6ஆம் ஃபிரெட் நோய் இதுதான். ஃபெண்டர் வகைப் பேஸ்களில் ஜி கம்பியின் 5 முதல் 7 வரையுள்ள ஃபிரெட்டுகளில் இது வந்தே தீரும் என்று சொல்லும் அளவுக்குப் பரவலானது; விலை உயர்ந்த கருவிகளும் விதிவிலக்கல்ல. உறுதிசெய்துகொள்ள இரண்டு சோதனைகள் சொல்கிறேன். ஜி கம்பியின் 6ஆம் ஃபிரெட்டில் வருவது சி ஷார்ப், 138.6 ஹெர்ட்ஸ். அதே சுரம் டி கம்பியின் 11ஆம் ஃபிரெட்டிலும் உண்டு. அங்கே நெக் அவ்வளவு அசையாது. இரண்டையும் மாறிமாறி வாசித்து எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று பாருங்கள். பிறகு தச்சர்கள் பயன்படுத்தும் ஒரு சிறிய இரும்புக் கிளாம்பை ஹெட்ஸ்டாக்கில் மாட்டிவிட்டு மறுபடி வாசியுங்கள்.

நாலாம்கம்பி எழுதியது:

நேற்றிரவு இரண்டையும் செய்துபார்த்தேன். ஆம்பின் ஒலியை ஒரே அளவில் வைத்து, கைப்பேசியின் நிறுத்துக்கடிகாரத்தை ஓடவிட்டுக் காதால் கேட்கும்வரை எண்ணினேன். துல்லியமான அளவீடு என்று உரிமை கோரவில்லை.

கிளாம்ப் இல்லாமல் ஜி கம்பியின் 6ஆம் ஃபிரெட் 3 நொடிகூட நிற்கவில்லை. டி கம்பியின் 11ஆம் ஃபிரெட்டில் அதே சுரம் 9 நொடி நின்றது. கம்பி வேறு என்பதால் குரல் சற்றுத் தடித்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. பிறகு சமையலறை மேடையில் துருவுபலகையை இறுக்கிவைத்திருந்த கிளாம்பைக் கழற்றிவந்து ஹெட்ஸ்டாக்கில் மாட்டினேன். 6ஆம் ஃபிரெட் 8 நொடி ஒலித்தது! 12 ஆண்டுகளாக அந்தச் சுரத்தைத் தவிர்த்துத் தவிர்த்து என் கை அதற்கேற்ப வளைந்துவிட்டிருக்கிறது; அது முழுமையாக ஒலிப்பதைக் கேட்டபோது யாரோ வேறொருவர் வாசிப்பதுபோல் இருந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. இப்போது 4ஆம் ஃபிரெட்டுக்கும் 5ஆம் ஃபிரெட்டுக்கும் நடுவில் எங்கோ அந்தப் பேய் குடியேறியிருக்கிறது. 5ஆம் ஃபிரெட் முன்பைவிடச் சற்று மங்கிவிட்டது.

தச்சன்மகன் எழுதியது:

பேய் ஓடவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஹெட்ஸ்டாக்கின் எடை கூடினால் நெக்கின் இயல்பு அதிர்வெண் தாழும். டெட் ஸ்பாட் கீழ்ச் சுரத்தை நோக்கி நகரும். இரண்டு ஃபிரெட்டுகளுக்கு இடையில் விழும்படி எடையைச் சரிசெய்தால் இரண்டு சுரங்களும் ஓரளவு தப்பிக்கும். எடை குறைந்த முறுக்காணிகளை மாட்டினால் நேர்மாறாக மேலே நகரும்.

இதில்தான் மரத்தின் உண்மையான வேலை இருக்கிறது. நெக்குக்கு எடுக்கும் மேப்பிள் எவ்வளவு விறைப்பானது, ஆண்டு வளையங்கள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்கப்பட்டதா, ஒரே துண்டா அல்லது அலெம்பிக் நிறுவனம் செய்ததுபோல் பல கீற்றுகளை ஒட்டியதா, உள்ளே நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடுக்குப் பக்கத்தில் கார்பன் தண்டுகள் உள்ளனவா, இவையெல்லாம் சுரம் எப்படித் தேயும் என்பதைத் தீர்மானிக்கின்றன. தேயும் விதமும் ஒலியின் ஒரு பகுதிதான். பேஸ் கிட்டாரில் அது பெரும்பகுதி என்றே சொல்வேன். பிக்கப் ஒரு சுரத்தின் நிறத்தைக் காட்டும், அதன் ஆயுளை நெக் தீர்மானிக்கும்.

ஆனால் "மேப்பிள்" என்ற பெயர்ச்சீட்டை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒரே மரத்திலிருந்து அறுத்த இரண்டு துண்டுகளை விரல் முட்டியால் தட்டினால் ஒன்று கணீரென்றும் மற்றது மொத்தென்றும் கேட்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

பலாச்சுளை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூர் வீணையைப் பலாமரத்தில்தான் செய்கிறார்கள். நம் ஊர்களில் மரத்தின் வயதையும் வெட்டிய இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே மரம் பேசும்போது இங்கே மட்டும் ஊமையாகிவிடுமா? பலாவில் ஒரு பேஸ் செய்தால் என்ன?

தச்சன்மகன் எழுதியது:

வீணையின் குடத்தைக் குடைந்து, மேலே மெல்லிய பலகையை மூடுகிறார்கள். அந்தப் பலகை ஆடினால்தான் காற்று ஆடும், காற்று ஆடினால்தான் காதில் விழும். அங்கே மரமே ஒலிபெருக்கி. திட உடல் கொண்ட மின் கருவியில் உடலின் கடமை நேரெதிரானது. அது ஆடாமல் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் 500/1 போன்றவை. உள்ளே வெற்றிடம், மேலே ஸ்ப்ரூஸ் பலகை, பக்கங்களும் பின்புறமும் மேப்பிள், 30 அங்குல ஸ்கேல். அதில் உடல் கம்பியின் ஆற்றலை விரைவாக வாங்கிக்கொள்கிறது; அதனால்தான் டபுள் பேஸைப்போல் உருண்டு எழுந்து சீக்கிரம் அடங்குகிறது. கட்டுமானம் ஒலியை மாற்றுவதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அங்கும் மாற்றுவது மரத்தின் இனம் அல்ல, உள்ளே இருக்கும் வெற்றிடமும் பலகையின் மெல்லிய தன்மையும்.

பலாவில் ஒரு பேஸ் உடலை நான் உண்மையாகவே செய்திருக்கிறேன். பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த உத்தரம். நன்றாக உலர்ந்து தேன்நிறம் ஏறியிருந்தது. அதன் எடை 2.6 கிலோ. அதே அச்சில் ஆல்டரில் செய்த இன்னொரு உடல் 1.9 கிலோ. ஒரே நெக், ஒரே பிக்கப், ஒரே பிரிட்ஜ், ஒரே கம்பிகளை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பூட்டி, பிக்கப்பின் உயரத்தைத் தாள் அளவு பிசகாமல் வைத்துப் பதிவுசெய்தேன். முதல் முறை இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம்: பலா உடலில் சுரங்கள் சொதசொதவென்று இருந்தன. "பலா ஆகாது" என்று நோட்டில் எழுதியும்விட்டேன். மறுநாள் நெக்கைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், நெக் உட்காரும் பள்ளத்தின் மூலையில் வார்னிஷ் ஒரு துளி உறைந்துபோய், நெக்கின் அடிப்பாகம் முழுதாகப் படியாமல் ஒரு தாளின் கனத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. உளியால் சீவி எடுத்துவிட்டு மறுபடி பூட்டியதும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பதிவுகளைப் பெயர் சொல்லாமல் நண்பர்களுக்குப் போட்டுக்காட்டினேன். சரியாகக் கண்டுபிடித்தவர்களும் தாங்கள் ஊகித்ததாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

மரத்தைப் பற்றிய பேச்சுகளில் எத்தனை, உண்மையில் வார்னிஷ் துளியைப் பற்றிய பேச்சோ என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். ஃபெண்டரின் 1970களின் நடுப்பகுதி ஜாஸ் பேஸ்களில் 4 திருகுகளுக்குப் பதிலாக 3 வைத்தார்கள்; பள்ளம் தளர்வாக வெட்டப்பட்ட கருவிகளில் நெக் பக்கவாட்டில் நகரும் என்று இன்றும் வாசிப்பவர்கள் குறைப்படுகிறார்கள். நெக்கை ஒட்டுவதா, திருகுவதா, உடலின் ஊடே ஓடவிடுவதா என்று சண்டையிடுவதைவிட, எந்த முறையானாலும் மரமும் மரமும் முழுப்பரப்பில் படிகிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

சுருள்காந்தம் எழுதியது:

மரமே இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1969இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆம்ஸ்ட்ராங் கண்ணாடிபோன்ற அக்ரிலிக்கில் உடல் செய்தார். 1970களில் கிரேமர் நிறுவனம் அலுமினிய நெக் வைத்தது. குளிரூட்டிய அரங்கிலிருந்து விளக்குச் சூட்டுக்குப் போனால் சுருதி நகரும் என்பது அதன் சாபம். நெட் ஸ்டைன்பெர்கர் ஹெட்ஸ்டாக்கையே நீக்கி, உடலையும் நெக்கையும் கார்பன் இழைக் கலவையில் வார்த்தார். அதன் ஒலி எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வார்கள்: சீரானது. ஒவ்வொரு ஃபிரெட்டும் பக்கத்து ஃபிரெட்டைப்போலவே ஒலிக்கும். மிக விறைப்பான நெக், முனையில் தொங்கும் எடை இல்லை. தச்சன்மகன் சொன்ன கணக்குப்படி வேறு எப்படி இருக்கும்?

அந்தச் சீர்மையைச் சிலர் உயிரற்றது என்று வெறுக்கிறார்கள். மரத்தின் குறைகளுக்குத்தான் நாம் "குணம்" என்று பெயர் வைத்திருக்கிறோமோ என்னவோ.

விரலோசை எழுதியது:

ஃபிரெட் இல்லாத பேஸ் வாசிப்பவன் என்ற முறையில் ஒரு திருத்தம். ஃபிரெட் உள்ள கருவியில் கம்பி தொடுவது உலோகத்தை. ஃபிங்கர்போர்டு ஈட்டியா மேப்பிளா என்பது நெக்கின் விறைப்பில் ஒரு சிறு பங்கு, அவ்வளவே. ஃபிரெட் இல்லாதபோது கம்பி மரத்தின் மேலேயே படுத்து அதிர்கிறது. அங்கே ஃபிங்கர்போர்டின் மேற்பரப்பு நேரடியாகக் கேட்கும். மென்மையான ஈட்டியில் விரல் நழுவும்போது ம்ம்ம் என்ற முனகல் இருக்கும். கருங்காலியில் அது இறுகி, முனை கூர்மையாகும்.

பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தம் 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் ஃபிரெட்டுகளைப் பிடுங்கிய பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பல பூச்சு பூசினார். உருண்டை இழை சுற்றிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் மரத்தை அரம்போல் ராவிவிடும் என்பதுதான் முதற்காரணம். ஆனால் அந்தக் கடினப் பூச்சு பாடும் குரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. அந்தக் குரலைத் தேடி ஈட்டிமரத்தை விலைகொடுத்து வாங்குபவர்கள், கம்பி அங்கே மரத்தைத் தொடவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கம்பியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் 1962 பிரிசிஷன் பேஸ்தான். தட்டை இழை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை அவர் மாற்றுவதே அரிது. பிரிட்ஜ் மூடியின் கீழே நுரைப்பஞ்சு. ஒரே ஆள்காட்டி விரல். அதே வகைக் கருவியில் புதிய ரவுண்ட்வவுண்ட் மாட்டிப் பிளெக்ட்ரத்தால் வாசித்தால் உடன்பிறப்பு என்று சொன்னால்கூட நம்பமாட்டீர்கள்.

ஈட்டிக்கட்டை எழுதியது:

என் பெயரில் உள்ள மரத்தைப் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எப்படி? ஃபிங்கர்போர்டுக்குப் போகும் இந்திய ரோஸ்வுட் என்பது நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈட்டிமரம், தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் ரோஸ்வுட்டின் வணிகம் 1992இல் அநேகமாக முடக்கப்பட்ட பிறகு இதற்குக் கிராக்கி இன்னும் கூடியது. தமிழ்நாட்டில் ஈட்டிமரத்தைக் காக்க 1990களின் நடுவில் தனிச்சட்டமே வந்தது. 2017 தொடக்கத்தில் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தபோது ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகள் பலவற்றில் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது; 2019இன் இறுதியில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆஷ் மரத்துக்கும் நல்ல காலமில்லை. 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு அமெரிக்க ஆஷ் காடுகளைத் துளைத்துக்கொண்டே போகிறது. 2020இல் ஃபெண்டரே வழக்கமான தயாரிப்புகளில் ஆஷைக் குறைப்பதாக அறிவித்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாலாம்கம்பிக்கு ஆஷ் உடலைப் பரிந்துரைத்தேன். எடை குறைந்த நல்ல ஆஷ் இன்று என்ன விலை என்று விசாரித்துப் பார்த்தேன். பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். வயிற்றில் உணரும் அதிர்வை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அது பிக்கப்பில் பதிவாகாமல் போகலாம், ஆனால் வாசிக்கும் கையை அது வழிநடத்துகிறது. 5 கிலோ கனக்கும் 1970களின் ஆஷ் பேஸைத் தோளில் போட்டவனும் 3.5 கிலோ கருவியைப் போட்டவனும் இரண்டாவது மணிநேரத்தில் ஒரே மாதிரி வாசிக்கமாட்டார்கள்.

தச்சன்மகன் எழுதியது:

கடைசி வரிக்கு முழு உடன்பாடு, ஐயா. என்னிடம் உடல் செய்யக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எடையைத்தான், மரத்தின் பெயரை அல்ல. இரண்டாவது, தோளில் போட்டால் ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாயாமல் நிற்கவேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் மரவரி அழகாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

நாலாம்கம்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உடல் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். நெக்கைக் கழற்றிப் பார்த்தேன்; வார்னிஷ் துளி இல்லை, ஆனால் எப்போதோ யாரோ உயரத்தைச் சரிசெய்ய மடித்துவைத்த பேருந்துச் சீட்டு ஒன்று பள்ளத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, அளவாகச் சீவிய மேப்பிள் சீவலை முழுப்பரப்புக்கும் வைத்துப் பூட்டினேன். பிக்கப்புகளை 1 மில்லிமீட்டர் இறக்கினேன். டெட் ஸ்பாட் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் மற்ற சுரங்களின் தொடக்கம் இறுகியிருக்கிறது.

கிளாம்பை நிரந்தரமாக மாட்டிவைக்கலாம் என்று நினைக்கிறேன். சமையலறைக் கிளாம்பைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், புதிதாக ஒன்று வாங்கவேண்டும். ஹெட்ஸ்டாக்கின் பூச்சில் தடம் விழுமா?

தச்சன்மகன் எழுதியது:

விழும். இரண்டு பக்கமும் பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்; ரப்பர் வேண்டாம், சில பூச்சுகளை அது இளக்கிவிடும். 150 கிராம் அளவுள்ள கிளாம்பில் தொடங்கி, முனையிலிருந்து, ஹெட்ஸ்டாக்கும் ஃபிங்கர்போர்டும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டை நோக்கி ஒவ்வொரு விரற்கடையாக நகர்த்தி வாசித்துப் பாருங்கள். 5க்கும் 6க்கும் நடுவில் பேய் உட்காரும் இடம் கிடைத்ததும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.